சொட்டு பாய் விட்ட பஸ்

லைசென்ஸ் இல்லாமல், டிக்கெட் இல்லாமல், முக்கியமாக பஸ்ஸே இல்லாமல், வேலை வந்த நாளெல்லாம் பத்துப் பன்னிரண்டு தடவை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் பஸ் விட்ட ஒரே மனிதர் வட சென்னையில் சொட்டு பாய்தான். துறைமுகத்துக்குப் போய்வந்த பழைய லாரிகளில் பாதி அந்தப் பஸ்ஸை நம்பித்தான் ஓடின. அது ஒரு சமயம் இரண்டு ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டது. அதனால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு நின்றுபோகப் பார்த்தது.

சில வருடங்களுக்கு முன்பு நான் காசிமேட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி யார்டில் ஆபீஸ் வேலை பார்த்தேன். எந்த லாரி எத்தனை மணிக்குத் துறைமுகத்துக்குள் போகும் என்று லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில், நாற்பது டிரைவர்கள் காலையில் வந்ததும் திட்டுவதற்கு வசதியாக ஒரு பெண்பிள்ளையை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். யார்டு சுவரை ஒட்டி ஒரு சந்து, சந்தின் முனையில் தகரக் கூரை போட்ட ஷெட். அங்கேதான் சொட்டு பாய் இருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், அறுபதை ஒட்டிய வயது, ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

லாரி இன்ஜினுக்கு டைமிங் போடுவது அவர் தொழில். வாசகர்கள் பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பம்ப் டீசலைப் பீய்ச்ச வேண்டும். சீக்கிரம் பீய்ச்சினால் இன்ஜின் சுத்தியல் அடிப்பதுபோல் தட்டும். லேட்டாகப் பீய்ச்சினால் வண்டி இழுக்காது, புகை மட்டும் தாராளமாக வரும். அந்தக் 'கொஞ்சம் முன்னால்' எத்தனை டிகிரி என்று ப்ளைவீலில், அதாவது இன்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரத்தில், கோடு போட்டிருக்கும்.

கடப்பாரை மாதிரி ஒரு கம்பியால் ப்ளைவீலை நெம்பி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பம்பின் முதல் பைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் குட்டி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொக்கின் கழுத்து மாதிரி வளைந்த ஒரு சின்ன பைப்பை மாட்ட வேண்டும். பாய் அதைக் கொக்கு என்றே கூப்பிடுவார். ஒருவர் கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் கொக்கின் வாயிலிருந்து டீசல் ஒழுகும். டீசல் பம்பை மயிரிழை மயிரிழையாக இன்ஜின் பக்கம் தள்ளத் தள்ள ஒழுகல் குறைந்து சொட்டாகும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருபது செகண்டு ஆகிற இடத்தில் போல்ட்டை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

உலகத்தில் மற்ற மெக்கானிக்குகள் அந்த இருபது செகண்டை வாட்ச்சில் பார்ப்பார்கள். பாய் வாட்ச் கட்ட மாட்டார். அவர் பஸ் விடுவார்.

கொக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கு டீசலில் படுகிற தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு விழுந்ததும் ஆரம்பிப்பார். "ராயபுரம்... ரைட். கல்மண்டபம்... ஹோல்டான்... ரைட். தண்டையார்பேட்டை... உள்ள போ, உள்ள போ... ரைட். டோல்கேட்... ரைட். தங்கல்... ரைட். காலடிப்பேட்டை... எறங்கு, எறங்கு... ரைட். தேரடி." சரியாகத் 'தேரடி' என்கிற வார்த்தையில் அடுத்த சொட்டு விழ வேண்டும். அதற்கு முன்னால் விழுந்தால், "டோல்கேட்லயே எறங்கிச்சு கஸ்மாலம்" என்று சொட்டைத் திட்டிவிட்டு பம்பை இன்னும் ஒரு மயிரிழை தள்ளுவார். நான் ஒருநாள் என் போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டுப் பார்த்தேன். ராயபுரத்திலிருந்து தேரடி இருபது செகண்டு. மறுபடி பார்த்தேன், இருபது. நிஜ பஸ்ஸில் அதே தூரத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

"ஏன் பாய், ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கினா இன்னா?" என்று கேட்டேன்.

"வாட்ச்ச பாத்தா சொட்ட பாக்க முடியாது தங்கச்சி. சொட்ட பாத்தா வாட்ச்ச பாக்க முடியாது. கண்ணு ரெண்டு கீது, பார்வ ஒண்ணுதான்."

"அதுக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாமே. பஸ் எதுக்கு?"

"கண்டக்டர் ஆவணும்னுதான் இருந்தேன். ஒயரம் பத்தலன்னு தொரத்திட்டானுங்க" என்றார். எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். யார் துரத்தினால் என்ன, அவர் பாட்டுக்கு ரூட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்.

பஸ் ஓடும்போது ஷெட்டில் சத்தம் கூடாது. ஃபேன் நிற்க வேண்டும். டீக்காரர் டம்ளரை வைக்கும்போது 'டொக்' என்று கேட்டால் அன்றைக்கு அவருக்கு வியாபாரம் கிடையாது. சென்னையிலேயே அதிக லாரி ஹாரன் கேட்கும் சந்தில் உட்கார்ந்துகொண்டு அமைதி வேண்டும் என்று கேட்ட ஒரே ஆத்மா அவர். 'டைமிங் நடக்கிறது. ஹாரன் வேண்டாம்' என்று ஒரு தகரத்தில் எழுதிச் சந்து முனையில் தொங்கவிட்டிருந்தார். அதைப் படிப்பதற்காக வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். உதவிக்கு ஆள் வைத்துப் பார்த்தார், யாரும் ஒரு வாரம் தாங்கவில்லை. கடைசியில் வண்டிக்காரரே கை பம்பை அடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

ஒரு தடவை சந்து வழியாகச் சாவு ஊர்வலம் வந்தது. மேளம் என்றால் அப்படி ஒரு மேளம், தகரக் கூரை தனியாக ஆடியது. பாய் எழுந்து டீசல் கையை உயர்த்திக்கொண்டு நடுச் சந்தில் போய் நின்றார்.

"ரெண்டே சொட்டு நைனா. ரெண்டு சொட்டு வுயுந்ததும் போய்க்கலாம்."

நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாவோடு இன்னொரு சாவும் சேர்ந்து போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இறந்தவர் ஒரு டிரெய்லர் டிரைவர். அவர் மகன் மேளத்தைப் பார்த்துத் திரும்பி, "எங்க நைனா வண்டிக்கு டைமிங் போட்டவருப்பா இவரு. கம்முனு நில்லுங்க" என்றான். மொத்த ஊர்வலமும் நின்றது. ராயபுரம், கல்மண்டபம், தண்டையார்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். தேரடியில் சொட்டு விழுந்ததும் மேளம் மறுபடி ஆரம்பித்தது. பாய் போல்ட்டை முறுக்கிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்வலத்தோடு சுடுகாடு வரைக்கும் போய்விட்டார். கை பம்ப் அடித்துக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பாய் திரும்பி வரும்வரை அந்த மனிதர் அடித்துக்கொண்டே இருந்ததாக யார்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய கொக்கு பைப் இரண்டடுக்கு டிபன் கேரியரில் இருக்கும். மேலடுக்கில் கொக்கு, கீழடுக்கில் சோறு. சோறு டீசல் நாறாதா என்று கேட்டால், கொக்கு குழம்பு நாறுவதுதான் தன் கவலை என்பார். நல்லது கெட்டது எல்லாம் அவருக்கு டிகிரிதான். நாற்பது வயதில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால், "லேட்டு டைமிங், பொகதான் வரும்" என்பார். நான் ஐந்து நிமிடம் தாமதமாகச் சந்துக்குள் ஓடினால், "தங்கச்சி இன்னிக்கு ரெண்டு டிகிரி லேட்டு" என்று தகவல் தருவார், கேட்காமலேயே. யார்டுக்குப் புது லாரிகள் வந்தபோது லேப்டாப்போடு ஒரு இன்ஜினியர் வந்தார். இதில் டைமிங்கை எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். பாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "சொட்டு எங்க வுயும்?" என்றார். சொட்டே கிடையாது என்றார் இன்ஜினியர். "சொட்டே பாக்காம டைமிங்கா. பொண்ணே இல்லாம நிக்காஹ்வா" என்று சொல்லிவிட்டு பாய் சாப்பிடப் போய்விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் எங்களுக்குப் புது மேனேஜர் ஒருவர் வாய்த்தார். சுற்றறிக்கைப் பிரியர். கழிவறைக் கதவைச் சாத்துவது பற்றியே மூன்று சுற்றறிக்கை விட்டவர். நாலாவது சுற்றறிக்கை லாரிகளைப் பற்றியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மெஷின் வைத்துப் புகை பார்க்கப்படும், இரண்டு முறை தவறும் லாரி துறைமுக லிஸ்ட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும். டைப் அடித்தவள் நான்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் அடித்து, அழகாக ஒட்டியும் வைத்தேன்.

முதல் சனிக்கிழமையே மாட்டியவர் ராயபுரம் ஸ்டீபன் அண்ணன். முதலாளி, டிரைவர், கிளீனர் எல்லாம் அவரே. வண்டிக்குப் பதினெட்டு வயது. நெற்றியில் மாதா படம், பக்கத்தில் 'ஆரோக்கியம்' என்று பெயர். பதினெட்டு வருடத்தில் ஆரோக்கியம் ஒருநாள்கூட ரோட்டில் படுத்ததில்லை. அந்தச் சனிக்கிழமை ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மாதா படமே மறையும் அளவுக்குக் கறுப்பாகக் கக்கியது. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சந்தோஷத்தோடு குறித்துக்கொண்டார்.

நான் லிஸ்ட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏனென்றால் பத்து நாளுக்கு முன்புதான், "பரிசோதனை வரப்போகுது அண்ணே, எதுக்கும் பாய்கிட்ட ஒரு டைமிங் போட்டுக்கோங்க" என்று அவரை அனுப்பியவள் நான். அதற்கு முன்னால் அந்த வண்டி புகைவிட்டதே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க ஸ்டீபன் அண்ணன் ஓடினார். நாசில் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், டீசலை இறக்கி வேறு டீசல் ஊற்றினார். பாய் இரண்டு தடவை டைமிங்கைக் கழற்றி மறுபடி போட்டார். பஸ் சரியாகத் தேரடிக்குப் போய்ச் சேர்ந்தது, வண்டி சரியாகப் புகை கக்கியது. இதற்குள் பாயிடம் போய்வந்த வேறு சில லாரிகளும் புகைகிறதாகப் பேச்சு வந்தது. அந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் டீசலைத் திட்டினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள், என்னையும் வழக்கம்போல் திட்டினார்கள். பாயைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. லிஸ்ட்டை விட்டுப் போனால் அந்த வயதுள்ள வண்டியை வேறு எந்த யார்டும் சேர்க்காது. ஆரோக்கியத்துக்கு அடுத்த ஸ்டாப் பழைய இரும்புக் கடை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஷெட்டுக்குப் போனேன். ஸ்டீபன் அண்ணன் கை பம்பை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு பழைய டயர் மேல் சத்தம் வராமல் உட்கார்ந்தேன். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். சொட்டு விழுந்தது. பாய் ஆரம்பித்தார்.

"ராயபுரம்... ரைட். கல்மண்டபம்... ஹோல்டான்... ரைட். தண்டையார்பேட்டை... உள்ள போ, உள்ள போ... ரைட். டோல்கேட்... ரைட். தேரடி."

சொட்டு விழுந்தது. "பாத்தியா மாமு. கரெக்டா எறங்கிச்சு. என் டைமிங்ல இன்னா தப்பு?" என்று பாய் நிமிர்ந்தார்.

தினமும் அந்த ரூட்டில் நின்றுகொண்டே போகிறவளுக்குக் காது சும்மா இருக்குமா. "பாய்" என்றேன். "தங்கல் எங்க?"

"இன்னா தங்கல்?"

"டோல்கேட்டுக்கு அப்புறம் தங்கல், அதுக்கு அப்புறம் காலடிப்பேட்டை. ரெண்டையும் எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

"அங்க பஸ் நிக்கறதில்ல தங்கச்சி" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "மெட்ரோவுக்குத் தூண் போட்டுகினு கீறாங்க. ரெண்டு ஸ்டாப்புலயும் பஸ் நிக்காதுன்னு போர்டு வெச்சிட்டான். ஆறு வாரம் ஆவுது. நானே போய்ப் படிச்சிட்டு வந்தேன்."

ரோட்டில் தூண் நட்டால் தூசு வரும், டிராஃபிக் வரும். துறைமுகத்து லாரிகளுக்கு ஆறு செகண்டு குறையும் என்று எந்தப் பொறியாளர் யோசித்திருப்பார். ஆறு செகண்டு குறைந்ததால் சொட்டு வேகமாக விழுகிற இடத்திலேயே பாய் போல்ட்டை முறுக்கியிருக்கிறார். அதனால் டைமிங் லேட், அதனால் புகை. ஆறு வாரமாக ஷெட்டுக்கு வந்த ஒவ்வொரு லாரிக்கும் இதே கதிதான்.

"பாய், பஸ் நின்னா இன்னா நிக்காட்டி இன்னா. சொட்டுக்கு அந்த போர்டு தெரியுமா? நீங்க பழையபடி எண்ணுங்க."

"நிக்காத எடத்துல நிக்கும்னு கூவுனா அவன் கண்டக்டரா? எண்ணிக்கினு இருக்கறப்போ பொய்னு தெரிஞ்சா நாக்கு ஓடும் தங்கச்சி. இம்மா வருசம் கரெக்டா வந்துச்சுன்னா அது நெஜமான ரூட்டு, அத்தொட்டு வந்துச்சு."

ஸ்டீபன் அண்ணன் கை பம்பை விட்டுவிட்டு பம்பர் மேல் உட்கார்ந்தார். "பாய், நாளைக்கி வண்டி போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுந் தெரியாது பாய். ஸ்டீரிங்தான் தெரியும்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பாயின் முகம் சுருங்கிவிட்டது. "ஒனக்காவ ஆருகிட்ட வேணாலும் பொய் சொல்லுவேன் மாமு. பம்புகிட்ட சொல்ல முடியாது" என்றார்.

நான் போனை எடுத்தேன். நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து இருபது என்று சொல்கிறேன், நீங்கள் சொட்டைப் பாருங்கள் என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "சொட்டு எங்கிட்ட கீது, நேரம் ஒங்கிட்ட கீது. நடுவுல ஒன் வாய் கீது. வாய் எப்பவும் லேட்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு வாரத்துக் கோபம் அது, முழுக்க அவர் மேல் இல்லை. "நான் காலடிப்பேட்டைலதான் பாய் குடியிருக்கேன்" என்றேன். "பஸ் நிக்கலன்னா என் வூடு காணாம போயிடுமா? ஆறு வாரமா தேரடி வரைக்கும் போயி எறங்கி, அந்தத் தூசுல திரும்பி நடந்துகினு கீறேன். நீங்க ஸ்டாப்ப எடுத்துட்டீங்க. என் வூட்ட எங்க வெச்சீங்க?"

பாய் என்னையே பார்த்தார். "நடக்கறியா?"

"பறந்தா போறேன்?"

"டெய்லியா?"

"டெய்லி. கைல பை வேற."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம்."

அவர் கொக்கைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். துண்டால் கையைத் துடைத்தார். துண்டு கையைவிட அழுக்கு. "அப்ப நேரம் எங்கயும் போவல" என்றார் மெதுவாக. "பஸ்ஸு வுட்டத நீ நடந்துகினு கீற. நான் பஸ்ஸ மட்டும் பாத்துகினு ஒன்ன வுட்டுட்டேன். மாமு, பம்ப அடி."

ஸ்டீபன் அண்ணன் அடித்தார். சொட்டு விழுந்தது. நான் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

"ராயபுரம்... ரைட். கல்மண்டபம்... ஹோல்டான்... ரைட். தண்டையார்பேட்டை... உள்ள போ, உள்ள போ... ரைட். டோல்கேட்... ரைட். தேரடி... தங்கச்சி எறங்கிச்சு. திரும்பி நடக்குது... கைல பை கீது... காலடிப்பேட்டை. வூடு."

சொட்டு அதற்கு ரொம்ப முன்னாடியே, தேரடி வந்ததுமே விழுந்துவிட்டது. பாய் பம்பை ஒரு மயிரிழை தள்ளினார். மறுபடி ராயபுரம். இந்தத் தடவை நான் திரும்பி நடக்கும்போது விழுந்தது. இன்னொரு மயிரிழை. நாலாவது நடையில் 'வூடு' என்ற வார்த்தையும் சொட்டும் ஒன்றாக விழுந்தன. பைக்குள் எட்டிப் பார்த்தேன். இருபது செகண்டு. பாய் போல்ட்டை முறுக்கினார். வால்வு, ஸ்பிரிங், பைப் எல்லாம் பழையபடி உள்ளே போயின. ஸ்டீபன் அண்ணன் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். ஆரோக்கியம் ஒரு தடவை செருமிவிட்டுப் பழைய குரலில் பேச ஆரம்பித்தது. சைலன்சரில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை மேனேஜர் மெஷினோடு வந்தார். ஆரோக்கியத்தை முதல் ஆளாகக் கூப்பிட்டார், அவ்வளவு ஆசை. ஸ்டீபன் அண்ணன் மிதித்தார். மெஷின் என்ன சொன்னதோ, மேனேஜர் குழாயைத் தட்டிப் பார்த்தார். மறுபடி மிதிக்கச் சொன்னார். குழாயை ஊதிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் மிதிக்கச் சொல்லிவிட்டு, கைக்குட்டையைத் தேவையில்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லிஸ்ட்டில் ஆரோக்கியத்தின் பெயருக்கு எதிரில் 'சரி' என்று நானே எழுதினேன். ஸ்டீபன் அண்ணன் இறங்கி வந்து மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கியது. புகை இல்லாததால் புகை மேல் பழிபோடவும் வழியில்லை.

யார்டு கேட்டுக்கு வெளியே பாய் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். "அது தெரியும்" என்றார். "நேத்து ஒழுங்கா வூடு போய்ச் சேந்தியா?"

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், அந்த ஆறு வாரத்தில் டைமிங் போட்ட ஒவ்வொரு லாரியையும் தேடிப் போனார். ஒன்று எண்ணூரில் நின்றது, ஒன்று மணலியில். ஒன்பது வண்டி. யாரும் கூப்பிடாமலேயே போய் பானெட்டைத் திறந்தார். என்ன பாய் தப்பு என்று கேட்டவர்களிடம், "ரூட்டுல ஒரு ஆள வுட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் புகை நின்றது, அதற்கு மேல் யார் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து போர்டை எடுத்தார்கள். காலடிப்பேட்டையில் பஸ் மறுபடி நின்றது. நான் முதல் வேலையாக ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாய் நம்பவில்லை. சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு ஸ்டாப்பையும் அவற்றின் இடத்தில் வைத்தார். என்னை நடக்கவிடுவதையும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் எனக்கு மணலி புதுநகர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்தது, வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டேன். அந்த பஸ் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

போன மாதம் ஸ்டீபன் அண்ணன் போன் செய்தார். ஆரோக்கியம் இன்னும் ஓடுகிறது. பாயும் அதே தகரத்துக்கடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் அன்று காலைதான் டைமிங் போட்டுக்கொண்டு வந்தாராம்.

"ஒண்ணு கேட்டீங்களா மேடம்" என்றார். "பாய் இப்பல்லாம் தண்டையார்பேட்டைல ஆள ஏத்தறதே இல்ல, ரைட்டுனு போய் நேரத்த மிச்சம் புடிக்கிறாரு. ஆனா காலடிப்பேட்டைல மட்டும் ரொம்ப நேரம் நிக்கிறாரு. இன்னா பாய், இங்க மட்டும் இம்மா நேரம்னு கேட்டேன். தங்கச்சி எறங்கணும் மாமு, கைல பை கீது, மெதுவா எறங்கட்டும்ங்கிறாரு."

நான் காலடிப்பேட்டையை விட்டு வந்து நாலு வருடம் ஆகிறது என்று பாயிடம் சொல்ல வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன், நான் இறங்கி முடிக்கும்வரை நின்ற கண்டக்டர் அவர் ஒருவர்தான்.